எழுத்தரின் ஆட்சேபம்: பாரசீக மாகாண ஆட்சி பற்றிய நம் எழுத்துகள் – ஒரு மதிப்பீடு

நம்மவர் எழுதும் வரலாற்றுக் கட்டுரைகளில் ஒரு வகை நெடுநாளாக வழக்கில் இருந்து வருகிறது. தாலுகா, ஜில்லா, பிர்கா, கஸ்பா, தாசில்தார், சிரஸ்தார், ஜமாபந்தி, வசூல், பசலி, இனாம், ரசீது என வருவாய்த்துறைச் சொற்களை வரிசையாக அடுக்குவது. அவற்றின் அரபு, பாரசீக மூலங்களைக் காட்டுவது. 'தமிழக ஆட்சிமுறைக்கு முஸ்லிம்கள் வழங்கிய கொடை' என்று முடிப்பது. சொல்லாராய்ச்சி என்ற அளவில் இவற்றில் பெரும்பகுதி சரியே. தாலுகா என்பது 'சார்ந்திருத்தல்' என்னும் அரபு வேரிலிருந்து வந்தது. ஜில்லா, விலா எலும்பையும் பக்கத்தையும் குறிக்கும் அரபுச் சொல். பிர்கா என்றால் பிரிவு. ஜமாபந்தியில் முதற்பாதி அரபு, பிற்பாதி பாரசீகம். இவற்றை எடுத்துக்காட்டுவதில் குற்றமில்லை.

எனினும், கொடை என்று சொல்லும்போது எதைக் கொடுத்தோம் என்ற கேள்வி எழுவது இயல்பு. நீதியைக் கொடுத்தோமா, வரி தண்டும் கருவியைக் கொடுத்தோமா? சொல் பயணம் செய்ததைக் காட்டிவிட்டால் நிறுவனத்தின் தரம் நிறுவப்பட்டதாகிவிடுமா? இக்கேள்வியை நம் கட்டுரைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்காததன் காரணம், மாகாண ஆட்சி பற்றிய மூல நூல்களை நாம் ஆள்வோரின் இருக்கையில் அமர்ந்து படிக்கப் பழகிவிட்டதே என்று நமக்குத் தோன்றுகிறது. முறையிட்டவன் நிற்கும் இடத்தில் நின்று அதே நூல்களைப் படித்தால் அவை வேறு செய்தி சொல்கின்றன. இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் வரலாறு, இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் கராஜ்', ஆற்காட்டு அரசவையில் எழுந்த 'துஸுக்கே வாலாஜாஹீ' ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து அச்செய்தியைக் காண முயல்வோம்.

சத்ரபர் முதல் மர்ஸுபான் வரை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். தமிழகம் பண்டைப் பாரசீகப் பேரரசு எதிலும் மாகாணமாக இருந்ததில்லை. அகாமனிசியப் பேரரசின் கிழக்கெல்லை சிந்துவெளியோடு நின்றது. நமக்கு வந்து சேர்ந்தது அவ்வாட்சி அன்று, அவ்வாட்சியின் முறை. அது சாசானியர் வழியாக அரபு கிலாஃபத்துக்கும், அங்கிருந்து பாரசீக மொழி பேசிய அரசவைகளுக்கும், அவற்றின் வழியாக முகலாயருக்கும், முகலாயர் வழியாக ஆற்காட்டுக்கும் வந்து சேர்ந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பயணம் இது.

கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த முதலாம் தாரியஸ், தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளைப் பெஹிஸ்தூன் பாறைக் கல்வெட்டில் பட்டியலிட்டிருக்கிறார். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், அவர் பேரரசை இருபது வரி மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தொகை விதித்ததாக எழுதுகிறார். இந்தியர் இருபதாம் மண்டலம். அவர்கள் செலுத்த வேண்டியது 360 தாலந்து பொற்றூள். மண்டலத் தலைவனுக்குச் சத்ரபன் என்று பெயர்; 'ஆட்சியைக் காப்பவன்' என்பது பொருள். பிற்காலத்தில் மேற்கிந்தியாவை ஆண்ட சத்ரபர்களின் பெயரும் இதிலிருந்து வந்ததே.

இவ்வமைப்பின் உயிர்நாடி, மாகாணப் பிரிவினையைவிட அதிகாரப் பிரிவினையில்தான் இருந்தது. சத்ரபன் ஆள்வான், ஆனால் கோட்டைப் படையின் தளபதி அரசருக்கே நேராகக் கட்டுப்பட்டவன் என்று ஜெனஃபோன் எழுதுகிறார். சத்ரபனருகே அரச எழுத்தர் ஒருவர் இருப்பார் என்று ஹெரடோட்டஸ் கூறுகிறார். சர்திஸ் நகரின் சத்ரபன் ஒராய்ட்டஸ் தன்னிச்சையாக நடந்தபோது, அரசரின் தூதர் முத்திரையிட்ட மடல்களை ஒவ்வொன்றாக அந்த எழுத்தரிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார். காவலர்கள் அரச மடலுக்குத் தலைவணங்குவதைக் கண்ட பின்னரே, சத்ரபனைக் கொல்லும்படி எழுதப்பட்டிருந்த இறுதி மடலை அவர் நீட்டினார். காவலர்கள் அதையும் நிறைவேற்றினர்.

இது மேலிருந்து கீழே பார்த்த காட்சி. கீழிருந்து மேலே பார்த்த காட்சியும் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. எகிப்தின் தென் எல்லையில், நைல் நதியிலுள்ள எலிஃபன்டைன் தீவில், பாரசீகப் படையில் பணிபுரிந்த யூதர்கள் குடியிருந்தனர். கி.மு. 410இல் அவர்களது வழிபாட்டிடம், உள்ளூர் அதிகாரி விதரங்காவின் உடந்தையுடன் இடித்துத் தள்ளப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின், கி.மு. 407இல், அவர்கள் யூதேயாவின் ஆளுநர் பாகோஹிக்கு அரமேய மொழியில் முறையீடு எழுதினர். பாப்பிரஸ் தாளிலான அதன் படிகள் கிடைத்துள்ளன. மீண்டும் கட்டிக்கொள்ள இசைவளிக்கும் குறிப்பும் கிடைத்துள்ளது. பேரரசர்களின் வெற்றிக் கல்வெட்டுகளைவிட இத்தாள்கள் மாகாண ஆட்சியைப் பற்றி நமக்கு அதிகம் கற்பிக்கின்றன. ஓர் அதிகாரியின் கொடுமையை மற்றோர் அதிகாரியிடம் எழுத்தில் சொல்ல முடிந்தது, அது படிக்கப்பட்டது, விடை வந்தது.

சாசானியர் காலத்தில் பெயர்கள் மாறின. எல்லைப்புற ஆளுநரை அரபு நூல்கள் 'மர்ஸுபான்' என்கின்றன. இராக்கின் செழிப்பான ஸவாத் நிலப்பரப்பு பன்னிரண்டு 'கூரா'க்களாகவும் அறுபது 'தஸ்ஸூஜ்'களாகவும் பிரிக்கப்பட்டிருந்ததை இப்னு குர்தாத்பிஹ் பதிவு செய்கிறார். தஸ்ஸூஜுக்குக் கீழே 'ருஸ்தாக்', அதற்குக் கீழே கிராமம். ஜில்லா, தாலுகா, பிர்கா, கிராமம் என்று நாம் இன்று அடுக்கும் படிநிலையின் முன்னோடியை இங்கே காணலாம். கிராமத்தில் வரி திரட்டித் தந்தவர் 'திஹ்கான்' எனப்பட்ட நிலக்கிழார். இஸ்லாமிய ஆட்சி வந்த பின்னும் அவரே தொடர்ந்தார். கணக்குகளும் உமைய்யா கலீஃபா அப்துல் மலிக் காலம்வரை பாரசீக மொழியிலேயே எழுதப்பட்டு வந்தன.

நவ்ஷேர்வானின் நீதி

நம் மக்களிடையே நீதிக்குப் பெயர்போன பாரசீக மன்னர் ஒருவர் உண்டென்றால் அவர் நவ்ஷேர்வான். கி.பி. 531 முதல் 579 வரை ஆண்ட முதலாம் குஸ்ரவ் அனூஷிர்வான்தான் இவர். மேடைகளிலும் கதைப் புத்தகங்களிலும் இவரது நீதி இன்றும் எடுத்தாளப்படுகிறது. 'நீதிமிகு அரசரின் காலத்தில் நான் பிறந்தேன்' என்னும் பொருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஒரு செய்தியும் உடன் சொல்லப்படுகிறது. பெருமானாரின் பிறப்பு அம்மன்னரின் காலத்தில் நிகழ்ந்தது வரலாறு. ஆனால் அச்செய்தி நபிமொழியாக நிற்காது. இமாம் ஸகாவீ (ரஹ்) உள்ளிட்ட ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதற்கு அடிப்படை இல்லை என்று தள்ளியிருக்கிறார்கள். அறிவிப்பாளர் தொடரை ஆராயும் கலையைத் தன் பெருமையாகக் கொண்ட சமுதாயம், ஓர் அரசனின் புகழுக்காக அக்கலையைத் தளர்த்துவது பொருத்தமன்று.

சரி, தபரீ என்ன சொல்கிறார்? குஸ்ரவின் தந்தை கவாத் காலத்திலேயே நில அளவை தொடங்கிற்று. மகன் அதை முடித்தார். அதுவரை விளைச்சலில் பங்காகக் கொள்ளப்பட்ட வரி, நிலத்தின் அளவுக்கேற்ப நிலையான பணவரியாயிற்று. கோதுமை, வாற்கோதுமை நிலம் ஒரு ஜரீபுக்கு ஒரு திர்ஹம், திராட்சைக்கு எட்டு, கால்நடைத் தீவனப் பயிருக்கு ஏழு. தலைவரி இருபது முதல் ஐம்பது வயதுக்குட்பட்டவர் மீது. வசதிக்கேற்பப் பன்னிரண்டு, எட்டு, ஆறு, நான்கு திர்ஹம்கள். பிரபுக்களும் படைவீரரும் மதகுருமாரும் எழுத்தர்களும் அதிலிருந்து விலக்குப் பெற்றனர். ஆண்டுக்கு மூன்று தவணை.

இத்திட்டத்தை அறிவித்த அவையில் நடந்ததைத் தபரீ விரிவாகச் சொல்கிறார். கருத்துக் கேட்ட மன்னர் முன் அனைவரும் மௌனம் காத்தனர். ஒருவர் மட்டும் எழுந்தார். கொடி பட்டுப்போகும், பயிர் வாடிவிடும், கால்வாய் வற்றும், ஊற்று நின்றுபோகும், அழியக்கூடியவற்றின் மீது அழியாத வரியை நிறுவுகிறீரா என்று கேட்டார். மன்னர் அவர் எந்த வகுப்பினர் என்று வினவினார். எழுத்தர் என்று விடை வந்தது. மைக்கூடுகளாலேயே அவரை அடித்துக் கொல்லும்படி ஆணை பிறந்தது. உடன்பணிபுரிந்த எழுத்தர்களே, தமக்கும் அவர் கருத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டும் பொருட்டு, முன்னின்று அதைச் செய்து முடித்தனர். அவையோர் அனைவரும் மன்னரின் வரியில் தமக்கு நிறைவே என்று கூறினர்.

நவ்ஷேர்வானின் நீதியைப் பற்றி எழுதுவோர் இப்பகுதியைத் தாண்டிச் செல்வது ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை. இது பகைவர் கட்டிய கதையன்று. அவரை வாயாரப் புகழும் அதே நூலில், அவரது சீர்திருத்தத்தை விவரிக்கும் அதே இடத்தில் உள்ளது. அதைத் தொடர்ந்து தபரீ தரும் மற்றொரு தகவல் இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வரி அட்டவணையின் படிகள் ஒவ்வொரு வட்டாரத்தின் நீதிபதிக்கும் அனுப்பப்பட்டன. அட்டவணைக்கு மேல் அதிகாரிகள் வசூலிக்காதபடி தடுப்பதும், பயிர் சேதமுற்றவர்க்கு அச்சேதத்தின் அளவுக்கு வரியைத் தள்ளிக் கொடுப்பதும் நீதிபதியின் பொறுப்பாயின. அதாவது, அந்த எழுத்தர் எதைக் கேட்டாரோ அது விதியின் ஓரத்தில் இடம்பெற்றுவிட்டது. கேட்டவர் மட்டும் இல்லை.

நம் பார்வையில் குஸ்ரவின் ஆட்சியில் போற்றத்தக்கது அந்தப் படிகளே. தண்டுபவனிடம் இருக்கும் அட்டவணை தீர்ப்பவனிடமும் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அது. வெறுக்கத்தக்கது அந்த மைக்கூடுகள். இரண்டையும் பிரித்துக் காட்டாமல் 'நவ்ஷேர்வான் நீதி' என்று ஒரே சொல்லால் மூடிவிடுவதைத் திறனாய்வு ஏற்காது.

ஓர் ஆடும் மூன்று தோழர்களும்

இராக் வெற்றி கொள்ளப்பட்டபின் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சாசானிய வரிமுறையை முற்றாக அகற்றவில்லை. அதன் அளவைகளையும் விகிதங்களையும் தழுவியே உமர் வரி விதித்ததைத் தபரீயே குறிப்பிடுகிறார். உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள் ஸவாத் நிலத்தை அளந்தார்கள்; 3 கோடியே 60 லட்சம் ஜரீப் என்று கணக்கு வந்தது. 'பாரசீகத்திலிருந்து எதையும் எடுக்கவில்லை, எல்லாம் புதிதாக நாமே செய்தோம்' என்று வாதிடுவோர்க்கும் இது விடை. எடுத்தார்கள், ஆனால் எடுத்ததை எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் வேறுபாடு.

கூஃபாவுக்கு உமர் (ரலி) அவர்கள் ஒருவரை அனுப்பவில்லை. மூவரை அனுப்பினார்கள் என்று இமாம் அபூயூசுஃப் அறிவிக்கிறார். தொழுகைக்கும் படைக்கும் அம்மார் இப்னு யாஸிர். நீதிக்கும் பைத்துல்மாலுக்கும் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத். நில அளவைக்கு உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலியல்லாஹு அன்ஹும்). மூவர் குடும்பத்துக்குமாக நாளொன்றுக்கு ஓர் ஆடு. பாதி அம்மாருக்கு, மீதியில் கால் கால் பங்கு மற்ற இருவருக்கும். இதை வகுத்த உடனேயே உமர் (ரலி) அவர்கள், நாள்தோறும் ஓர் ஆடு எடுக்கப்படும் நிலம் விரைவில் பாழாகிவிடும் என்னும் கருத்தில் கவலை தெரிவித்தார்கள். பேரரசின் வளமிக்க மாகாணத்தில், மூன்று உயர் அதிகாரிகளுக்கு ஓர் ஆடு! அதையும் நிலத்தின் மீதான சுமையாகக் கண்ட கண் அது. தாம் குத்தப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்னரும், நிலம் தாங்காத அளவுக்கு விதித்துவிட்டீர்களோ என்று அளவையாளர்களிடம் அவர்கள் வினவிய செய்தி ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது.

குஸ்ரவின் அவையில் எழுத்தர் எழுப்பிய அதே ஐயத்தை இங்கே ஆட்சித்தலைவரே எழுப்புகிறார். நாம் தேடும் வேறுபாடு இதுதான். கூஃபாவாசிகள் ஸஅத் (ரலி) அவர்கள் மீது குறை கூறியபோது, அவர் பாரசீகத்தை வென்ற தளபதி என்பதற்காக அம்முறையீடு தள்ளப்படவில்லை. ஆள்கள் அனுப்பப்பட்டுப் பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரிக்கப்பட்டது.

ஹிஜ்ரீ 182இல் மறைந்த அபூயூசுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதின் வேண்டுகோளுக்கிணங்க எழுதிய 'கிதாபுல் கராஜ்', இந்த ஐயத்தைச் சட்டமாக்கிய நூல். நிலையான பணவரியைவிட விளைச்சலில் பங்கு பெறுவதே இரு தரப்புக்கும் நியாயம் என்கிறார்: ஓடும் நீரில் விளைந்த கோதுமையில் ஐந்தில் இரண்டு, ஏற்றம் இறைத்து விளைந்ததில் பத்தில் மூன்று. உழைப்பும் செலவும் கூடினால் வரி குறைய வேண்டும் என்பது அடிப்படை. அதைவிட முக்கியமானது, 'தக்பீல்' எனப்படும் வரிக் குத்தகை முறையை அவர் வன்மையாகக் கண்டித்தது. குத்தகைதாரன் தான் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் இலாபம் காண விரும்புவான். அதற்காகக் குடிகளை அடிப்பான், வெயிலில் நிறுத்துவான். முடிவில் நிலம் பாழாகும், வரியும் குறையும் என்கிறார். ஓர் ஊரார் தாமே விரும்பி, நம்பகமான வசதி படைத்த ஒருவரைப் பொறுப்பாளியாக முன்னிறுத்தினால் மட்டும், மேற்பார்வையுடன் அனுமதிக்கலாம் என்று விதிவிலக்குத் தருகிறார். அளவுகோல் இங்கும் குடிகளின் விருப்பமே. கலீஃபா மாதத்துக்கு ஒரு முறையோ இரு மாதங்களுக்கு ஒரு முறையோ முறையீடு கேட்க அமர வேண்டும். அச்செய்தி பரவினாலே மாகாண அதிகாரிகள் அஞ்சுவர் என்பதும் அவரது அறிவுரை.

இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் இமாம் மாவர்தீ (ரஹ்) 'அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா'வில் ஆளுநர் பதவியை வகைப்படுத்துகிறார். எல்லாப் பொறுப்புகளும் பெற்ற பொது ஆளுநர். படையும் பாதுகாப்பும் மட்டும் பெற்று நீதியிலும் வரியிலும் தலையிட உரிமையற்ற சிறப்பு ஆளுநர். வலிமையால் நாட்டைக் கைப்பற்றிக்கொண்டு, நெருக்கடி கருதி கலீஃபாவால் ஏற்கப்பட்ட ஆளுநர். மூன்றாவது வகைக்கு 'இமாரத்துல் இஸ்தீலா' என்று பெயர். ஆற்காட்டைப் புரிந்துகொள்ள இச்சொல் நமக்குத் தேவைப்படும்.

வடசென்னைச் சிற்றூர்களின் சாட்சி

அக்பர் 1580இல் பேரரசைப் பன்னிரண்டு சுபாக்களாகப் பிரித்தார். சுபேதாரிடம் படையும் அமைதி காத்தலும், திவானிடம் வரி. பின்னர் மாகாணத் திவான்கள் நேராக மத்தியத் திவானுக்கே கட்டுப்பட்டவர்களாக ஆக்கப்பட்டனர். தாரியஸின் அரச எழுத்தரும், கூஃபாவின் மூவர் முறையும், மாவர்தீயின் சிறப்பு ஆளுநரும் இங்கே நம் நினைவுக்கு வருகின்றனர்.

1698இல் செஞ்சி வீழ்ந்தபின் இம்முறை தமிழகம் வந்தது. ஆனால் வந்த வேகத்திலேயே அதன் உயிர்நாடி அறுந்தது. தாவூத் கான் பன்னீயின் கீழ்த் திவானாக இருந்த முஹம்மது சயீத், 1710இல் சஆதத்துல்லாஹ் கான் என்னும் பட்டத்துடன் தாமே ஆளுநரானார். வரியும் வாளும் ஒரே கையில் சேர்ந்தன. 1732இல் அவருக்குப் பின் பதவி அவர் சகோதரரின் மகன் தோஸ்த் அலீக்குச் சென்றது. நியமனப் பதவி குடும்பச் சொத்தாயிற்று. தில்லி அதை ஏற்றுக்கொண்டது; வேறு வழியில்லை. மாவர்தீயின் மூன்றாம் வகை கண்முன் உருவாயிற்று.

இதன் விளைவை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மணலியை அடுத்த மாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களே போதும். 1708இல் தாவூத் கான் ஆங்கிலக் கம்பெனிக்கு ஐந்து ஊர்களை வழங்கினார்: திருவொற்றியூர், சாத்தாங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். அடுத்து வந்த சஆதத்துல்லாஹ் கான் அவற்றைத் திரும்பக் கேட்டார். 1717இல் பேரரசர் ஃபர்ருக்சியரின் ஃபர்மான் அவற்றைக் கம்பெனிக்கே உறுதி செய்தது. 1742இல் ஆற்காட்டிலிருந்து மேலும் ஐந்து ஊர்கள் சென்றன: சடையன்குப்பம், எர்ணாவூர், பெரம்பூர், வேப்பேரி, புதுப்பாக்கம். சாத்தாங்காட்டை இன்று நாம் இரும்புச் சந்தையால் அறிகிறோம். எர்ணாவூரை ஆலைகளால் அறிகிறோம். இவை அன்று நெல்லும் உப்பும் மீனும் விளைந்த சிற்றூர்கள். தருபவர், திரும்பக் கேட்பவர், உறுதி செய்பவர் என்று மூன்று அதிகாரிகள் இவ்வரலாற்றில் பேசுகிறார்கள். ஊரார் பேசும் இடம் எதுவுமில்லை.

நவாப் முஹம்மது அலீ வாலாஜா 1749 முதல் 1795 வரை ஆண்டார். 1763இல் சென்னையைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார்; பின்னர் அதையே கம்பெனியிடமிருந்து தாம் குத்தகைக்கு எடுத்து 1780வரை வரி தண்டினார். தம் நிலத்துக்குத் தாமே குத்தகைதாரர்! ஏனைய சீமைகளின் வருவாய், 'தன்க்வாஹ்' என்னும் ஒதுக்கீட்டுச் சீட்டுகளாகத் தனிப்பட்ட ஆங்கிலக் கடன்காரர்களுக்கு எழுதித் தரப்பட்டது. 1785இல் இக்கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் நிகழ்த்திய நீண்ட உரை உலகறிந்தது. 1801இல் கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டு நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் சென்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அபூயூசுஃப் எழுதிய எச்சரிக்கை இங்கே வரிக்கு வரி நிறைவேறியதாகவே நாம் காண்கிறோம்.

துஸுக்கே வாலாஜாஹீ: ஒரு மறுவாசிப்பு

இக்காலத்தைப் பற்றிய நம் அறிவுக்கு முதன்மையான பாரசீக மூலம், புர்ஹான் இப்னு ஹஸன் எழுதிய 'துஸுக்கே வாலாஜாஹீ'. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறைத் தலைவராக இருந்த டாக்டர் எஸ். முஹம்மது ஹுஸைன் நைனார் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1934லும் 1939லும் இரு பகுதிகளாக வெளியிட்டார். கையெழுத்துப் படிகளில் உறங்கிக்கிடந்த ஒரு நூலை ஆய்வாளர் கைக்குக் கொண்டுவந்த அப்பெருந்தொண்டுக்குத் தமிழ் முஸ்லிம்கள் என்றும் கடன்பட்டவர்கள். நாம் இங்கே கூறுவது மொழிபெயர்ப்பைப் பற்றியதன்று. மூல நூலை நாம் படிக்கும் முறையைப் பற்றியது.

நூல் நவாபின் ஆதரவில் எழுந்தது. தலைப்பே ஜஹாங்கீர் பாதுஷாவின் துஸுக்கை நினைவூட்டுகிறது. வாலாஜா குலம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வழிவந்தது என்னும் மரபுரிமை அக்குடும்பத்தின் தலையாய பெருமை. நூலின் கண் அரண்மனையிலிருந்தும் படைப்பாசறையிலிருந்தும் பார்க்கிறது: வாரிசுரிமை, போர், முற்றுகை, தூது, பட்டம். அரசவை வரலாற்றின் இலக்கணம் அது. அதற்காக ஆசிரியரைக் குறை கூறுவது நியாயமன்று. ஆனால் இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டுகளில் எழுதும் நாம் அந்தக் கண்ணை அப்படியே இரவல் வாங்குவது நியாயமா? உமரின் வழித்தோன்றல் என்ற பெருமையை ஏற்றால், உமரின் அளவுகோலையும் ஏற்க வேண்டுமல்லவா? ஓர் ஆட்டைக் கண்டு கவலையுற்றவரின் பெயரால், சீமை சீமையாக எழுதிக் கொடுத்த சீட்டுகளை எப்படி மதிப்பிடுவது?

மறுதரப்பும் சொல்லப்பட வேண்டும். வாலாஜா மார்க்க அறிஞர்களை ஆதரித்தவர். ஃபிரங்கீ மஹல் மரபின் பேரறிஞரும் 'ஃபவாதிஹுர் ரஹமூத்' என்னும் உசூல் விரிவுரையின் ஆசிரியருமான பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்கள் அவரது அழைப்பை ஏற்றுச் சென்னை வந்து, 1810இல் இங்கேயே மறைந்தார்கள். திருவல்லிக்கேணியின் வாலாஜா பள்ளிவாசல் இன்றும் தொழுகையாளர்களால் நிறைகிறது. தம்மைவிட வலிய ஒரு கம்பெனியின் பிடியில் அவர் சிக்கியிருந்தார் என்பதும் உண்மை. ஆயினும் ஹனஃபீ ஃபிக்ஹின் மாபெரும் மேதை ஒருவரை அரவணைத்த அரசவையில், அதே மத்ஹபின் முதல் காஜியுல் குஜாத் எழுதிய வரிநூலின் அறிவுரை நிலவரியில் எதிரொலிக்கவில்லை. அறிஞரைப் போற்றுவதும் அறிவைக் கேட்பதும் ஒன்றல்ல. நம் கட்டுரைகள் முதலாவதைப் பாராட்டி நிறுத்திக்கொள்கின்றன.

நமக்கான பாடம்

இதுவரை கூறியவற்றிலிருந்து, இத்துறையில் எழுதுவோர் முன் இரு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, 'கொடை' என்னும் சொல்லை அளந்து பயன்படுத்துவோம். மாகாணமும் வட்டாரமும் பதிவேடும் இஸ்லாத்துக்கு முந்திய பாரசீகத்தின் கைவினை. இஸ்லாம் அதில் சேர்த்தது, சேர்க்க முயன்றது, பொறுப்புக் கூறும் கடமையை. அந்த முயற்சி வென்ற இடமும் உண்டு, தோற்ற இடமும் உண்டு. இரண்டையும் எழுதுவதே வரலாறு. கருவியைத் தந்ததற்காகப் பெருமைப்படுவோமானால், அக்கருவியால் வருந்தியவர்களுக்கும் நாம் பொறுப்பேற்க வேண்டிவரும்.

இரண்டு, எந்த ஆட்சியைப் படித்தாலும், முறையிட்டவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று முதலில் தேடுவோம். எலிஃபன்டைன் யூதர்களுக்கு விடை வந்தது. குஸ்ரவின் எழுத்தருக்கு மைக்கூடு வந்தது. கூஃபாவாசிகளுக்கு விசாரணை வந்தது. சாத்தாங்காட்டாரின் முறையீடு நம் நூல்களில் பதிவே பெறவில்லை. ஆட்சிகளின் தராதரம் இவ்வரிசையிலேயே விளங்கிவிடுகிறது.

இது பழங்கதை என்று ஒதுக்கத்தக்கதும் அன்று. நம் மஹல்லாக்களில் சிலவற்றில் தலைமையும் பைத்துல்மாலும் வழக்குத் தீர்ப்பும் ஒரே கையில், சில வேளை ஒரே குடும்பத்தில், தங்கிவிடுவதைக் காண்கிறோம். கணக்குக் கேட்பவர் ஜமாஅத்தின் ஒற்றுமையைக் குலைப்பவராகச் சித்திரிக்கப்படுகிறார். அவரோடு அமர்ந்திருந்தவர்களே அவரை முதலில் கைவிடுகின்றனர். கூஃபாவுக்கு மூவரை அனுப்பிய முன்மாதிரி வெள்ளிமேடைக்கு மட்டும் உரியதா? தலைவர், பொருளாளர், தீர்ப்பு வழங்குவோர் ஆகியோர் வெவ்வேறு ஆள்களாக இருப்பதற்கும், கணக்கின் ஒரு படி பள்ளிவாசல் பலகையில் தொங்குவதற்கும் எந்த அரசாணையும் தேவையில்லை.

மாத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. சுபாவும் சீமையும் ஜாகீரும் போயின. ஆனால் தமிழகத்தின் தாலுகா அலுவலகங்களில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடைபெறுகிறது. கிராமக் கணக்குகள் சரிபார்க்கப்படும் அந்நாள்களில் குடிமக்களின் மனுக்களும் பெறப்படுகின்றன. வரி வசூலைத் தொகுத்து முடிப்பதைக் குறித்த அச்சொல், மக்களின் நாவில் மனுக் கொடுக்கும் நாளையும் குறிப்பதாகிவிட்டது. நம் சொற்பட்டியலில் பெருமைக்குரியது ஒன்று உண்டென்றால் இந்தப் பொருள் மாற்றமே என்போம். மனு வாங்கும் கை அதைப் படிக்கவும் செய்கிறதா என்று பார்ப்பது நம் எல்லோருடைய கடமை. அநீதி இழைக்கப்பட்டவரின் வேண்டுதலுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆட்சியாளருக்கும் அவருக்கும் இடையிலுள்ள திரைகளை எண்ணிக் காட்டுவது வரலாறு எழுதுவோரின் பணி.